பெயருக்குள் ஒரு நாகம், ஒரு சிங்கம், ஒரு கரடி

ஆம்பூரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் யாராவது ஒருவர் தோல் கம்பெனிக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர். காலையில் கம்பெனிப் பேருந்து அம்மாக்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளைகள் தாங்களே தலைவாரிக்கொண்டு, தம்பி தங்கையையும் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர்வார்கள். அப்படி வருகிற பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து கூடவே வரும் முதல் சொத்து அவர்களுடைய பெயர். அந்தப் பெயரை வைத்து எட்டாம் வகுப்பில் நடந்த ஒரு சிறு நிகழ்வையும், அதிலிருந்து உருவான பாடத்தையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

பதிவேட்டில் ஒரு சீறல்

ஒருநாள் காலை வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் பெயரைச் சொன்னதும் பின் வரிசையிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சீறல் கேட்டது. வகுப்பு சிரித்தது. அவள் பெயர் 'நாக' என்று தொடங்கும். முழுப் பெயரையும் இங்கே எழுதுவது முறையாகாது. அவள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

சீறிய மாணவன் யாரென்று எனக்குத் தெரியும். அவனை எழுப்பிவிட்டேன். என்ன கேட்டும் பதில் சொல்லாமல் நின்றான். "எருமை மாதிரி நிக்காதே, உட்கார்" என்றேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது. நானும் பாடத்தைத் தொடங்கிவிட்டேன்.

மதிய உணவு இடைவேளையில் அந்த மாணவி ஒரு தாளோடு வந்து நின்றாள். பெயர் மாற்றக் கோரி அவளே எழுதிய விண்ணப்பம். "பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்ல ஏறிட்டா அப்புறம் கெஜட்ல போடணுமாம் டீச்சர். அதுக்குள்ள மாத்திடுங்க" என்றாள். வேறு பெயர் ஒன்றையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். தொலைக்காட்சித் தொடரில் வரும் பெயர்.

"உன் பேருக்கு என்னம்மா குறை? நாகம் தெய்வம்தானே?" என்று கேட்டேன்.

சற்று யோசித்துவிட்டு அவள் கேட்டாள்: "அப்போ எருமை மட்டும் திட்டா டீச்சர்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒரே காலையில் ஒரே வகுப்பில் இரண்டு குழந்தைகள் விலங்கின் பெயரால் தலைகுனிந்திருந்தார்கள். ஒருத்தியை உடன்படிக்கும் பிள்ளைகள் கேலி செய்தார்கள். மற்றவனை நான் கேலி செய்திருந்தேன். "கேலி செய்யக் கூடாது" என்று நீதி சொல்லி இதை முடித்துவிடலாம். ஆனால் பெயர் என்றால் என்ன, அதற்குள் விலங்கு ஏன் வந்தது என்று தெரியாதவரை அந்த நீதி ஒரு வாரம்கூட நிற்காது. எனவே இதைப் பாடமாகவே நடத்துவது என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்கு மூன்று கேள்விகள்

மறுநாள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பணி கொடுத்தேன். உன் பெயரை யார் வைத்தார்கள்? ஏன் அந்தப் பெயரை வைத்தார்கள்? அதற்கு என்ன பொருள் என்று வீட்டில் சொல்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும். சொல்ல விரும்பாதவர்கள் தாத்தா, பாட்டி பெயரையோ, தெருவில் உள்ள வேறொருவர் பெயரையோ எடுத்துக்கொள்ளலாம்.

வந்த பெயர்களைக் கரும்பலகையில் எழுதியபோது எனக்கே வியப்பு. உயிரினங்கள் வரிசையாக வந்து நின்றன. நாகராஜ், நாகம்மாள், மயில்சாமி, கிளியம்மாள், நரசிம்மன், கஜேந்திரன், அனுமந்தன் ஒரு பக்கம். ஹைதர், அசதுல்லா, ஷாஹீன், கஸாலா இன்னொரு பக்கம். ஷாஹீன் என்றால் பாரசீகத்தில் ஒரு வகை வல்லூறு. கஸாலா என்றால் அரபியில் பெண் மான். "மான்விழி"யும் "கஸாலா"வும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடிய பெயர்கள் என்று சொன்னதும் பெண் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்தச் சிரிப்பில் சீறல் இல்லை.

பெயரன், பெயர்த்தி

முதலில் நாகத்தை எடுத்துக்கொண்டோம். அந்த மாணவி எழுதி வந்திருந்தாள்: "என் அப்பாவைப் பெற்ற ஆயாவின் பெயர் எனக்கு. ஆயாவுக்கு முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. புற்றுக்குப் பால் ஊற்றி நாகாத்தம்மனை வேண்டிக்கொண்ட பிறகு அப்பா பிறந்தார்."

இந்த இடத்தில் ஒரு சொல்லை விளக்கினேன். நாம் பேரன், பேத்தி என்கிறோம். எழுத்து வழக்கில் அது பெயரன், பெயர்த்தி. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. பெயரைச் சுமப்பதையே ஓர் உறவின் பெயராக்கி வைத்திருக்கிறது தமிழ். "அப்படின்னா நான் உண்மையான பெயர்த்தி" என்றாள் அவள். வகுப்பில் பலரும் தங்கள் பெயருக்கு அந்தத் தகுதி உண்டா என்று யோசிக்கத் தொடங்கினார்கள்.

அடுத்து அந்தப் பெயரின் வயதைப் பார்த்தோம். சங்கப் புலவர்களில் மருதன் இளநாகனார் இருக்கிறார். புறத்திணை நன்னாகனார் இருக்கிறார். முரஞ்சியூர் முடிநாகராயர் இருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்யுள் இயற்றியவர்களின் பெயரிலேயே நாகன் உண்டு. தொலைக்காட்சித் தொடர்ப் பெயர் அடுத்த தொடர் வரும்வரைதான் புதிது. இவள் பெயரோ சங்ககாலத்திலிருந்து வழக்கில் உள்ளது.

ஒரு மாணவன் அகராதியைப் புரட்டிவிட்டு, "நாகம்னா யானைன்னும் போட்டிருக்கு டீச்சர். மலைன்னும் இருக்கு, சுரபுன்னை மரம்னும் இருக்கு" என்றான். நல்ல கண்டுபிடிப்பு. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருக்கும்போது, பெயர் வைத்தவர்கள் மனத்தில் எது இருந்தது என்பதை அகராதி மட்டும் சொல்லாது. வீட்டில்தான் கேட்க வேண்டும். இந்த மாணவியின் வீட்டில் புற்று இருந்தது, பால் இருந்தது. ஆகவே இவள் பெயரில் உள்ள நாகம் பாம்பேதான். ஆனால் பயமுறுத்தும் பாம்பு அல்ல, குழந்தையைக் காக்க அழைக்கப்பட்ட பாம்பு.

ஒரே பெஞ்சில் இரண்டு சிங்கம்

ஹைதர் என்ற பெயர் எங்கள் பகுதியில் அடிக்கடி கேட்கும் பெயர். அரபியில் அது சிங்கத்தைக் குறிக்கும் சொல். நபிகள் நாயகத்தின் மருமகனான அலிக்கு வழங்கிய வீரப் பட்டங்களில் ஒன்றாகி, அங்கிருந்து உலகெங்கும் பெயராகப் பரவியது. அசத், உசாமா, லைத் ஆகியவையும் அரபியில் சிங்கத்தைக் குறிப்பவையே. அசதுல்லா என்றால் இறைவனின் சிங்கம். உருதுக் கவிஞர் மிர்சா காலிபின் இயற்பெயரும் அசதுல்லா கான்தான்.

இந்தச் சிங்கம் எங்கள் மண்ணின் வரலாற்றிலும் நடந்து போயிருக்கிறது. 1767-இல் ஹைதர் அலி ஆம்பூரை முற்றுகையிட்டார். 1782 டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டையில் இருந்த பாசறையில் அவர் இறந்தார். பெயரில் சிங்கம் கொண்டவர், பெயரில் சிங்கம் கொண்ட ஊரில் கண்மூடினார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தினரை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தனர். கோட்டைக்குள் ஹைதர் மஹால், திப்பு மஹால் என்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

1806 ஜூலை 10 அன்று அந்தக் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதன் மேல் தோலால் ஆன குஞ்சம் வைக்க வேண்டும் என்பது உத்தரவு. சமயக் குறிகளை அணியத் தடை, தாடியைத் திருத்த வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. கிளர்ந்தவர்கள் மைசூரின் புலிக்கொடியை ஏற்றி, திப்புவின் மூத்த மகன் பதே ஹைதரை அரசர் என்று அறிவித்தார்கள். பதே என்றால் வெற்றி. ஆக அது ஒரு வெற்றிச் சிங்கத்தின் பெயர். அன்றைக்கே ஆற்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பியின் படை கிளர்ச்சியை ஒடுக்கிவிட்டது. தோலும் விலங்கும் பெயரும் கலந்த இந்த ஒரு நாள் நிகழ்வு தோல் தொழிலில் வாழும் பிள்ளைகளின் மனத்தில் சட்டென்று பதிந்தது. சமூக அறிவியல் ஆசிரியர் இந்தப் பகுதியை என்னோடு சேர்ந்து நடத்தினார்.

அடுத்து நரசிம்மன். எங்கள் பகுதியில் இந்தப் பெயரும் லட்சுமி நரசிம்மன் என்ற பெயரும் நிறைய உண்டு. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ள சோளிங்கரின் மலைமேல் யோக நரசிம்மர் கோயில் இருக்கிறது. சோழசிங்கபுரம் என்பதே சோளிங்கர் ஆனது என்பர். அங்கே வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைப்பது வழக்கம். பல்லவ மன்னர்களில் சிம்மவிஷ்ணு, நரசிம்மவர்மன் என்று சிங்கத்தைப் பெயரில் ஏற்றவர்கள் உண்டு.

இதைச் சொன்னபோது எங்கள் வகுப்பில் ஹைதர் என்ற பெயருடையவனும் நரசிம்மன் என்ற பெயருடையவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "டேய், ரெண்டு பேருமே சிங்கம்டா" என்று ஒருவன் கத்தினான். ஒன்று அரபிச் சிங்கம், மற்றது வடமொழிச் சிங்கம். வீட்டில் ஒரு பிள்ளை உருது பேசுகிறான், மற்றவன் தெலுங்கு பேசுகிறான். இருவருக்கும் பெயர் வைத்தவர்களின் ஆசை ஒன்றே: பிள்ளை துணிந்து நிற்க வேண்டும்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம ஊர்ல சிங்கம் இருந்துச்சா டீச்சர்?" இல்லை. இன்று இந்தியாவில் காட்டுச் சிங்கங்கள் குஜராத்தின் கிர் பகுதியில்தான் வாழ்கின்றன. பார்த்தே இராத விலங்கின் பெயரை ஏன் வைத்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாங்கள் வெகுதூரம் போனோம். உலக வரைபடத்தில் ஐரோப்பாவுக்கு வடமேற்கே, கடலுக்கு நடுவில் ஒரு தீவு வரை.

கரடி இல்லாத நாட்டில் கரடிப் பெயர்

ஐஸ்லாந்தில் ஆண்களுக்கு வைக்கும் பழைய பெயர்களில் ஒன்று பியோர்ன். பொருள் கரடி. பெண்ணுக்கு பிர்னா, அதாவது பெண் கரடி. ஊல்வுர் என்றால் ஓநாய். எர்ன் என்றால் கழுகு. அண்டங்காக்கையின் பெயரும் அங்கே மனிதப் பெயர்தான். தெய்வத்தையும் விலங்கையும் இணைத்து ஒரே பெயராக்கும் வழக்கமும் உண்டு. இடி தெய்வமான தோரையும் கரடியையும் சேர்த்து தோர்பியோர்ன் என்பார்கள். நரசிம்மனையும் நாகேஸ்வரனையும் அறிந்த நமக்கு இந்த முறை புதிதல்ல.

ஆனால் ஐஸ்லாந்தில் கரடி வாழ்வதில்லை. எப்போதாவது பனிப்பாறையில் மிதந்து ஒரு பனிக்கரடி கரை ஒதுங்கினால் அதுவே பெரிய செய்தி. ஓநாயும் இல்லை. மனிதர் குடியேறும் முன்பே அங்கே இருந்த ஒரே நிலவாழ் பாலூட்டி பனிப்பிரதேச நரிதான். பிறகு கரடியும் ஓநாயும் பெயரில் எப்படி வந்தன? ஒன்பதாம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்து கடல் கடந்து குடியேறியவர்கள் தங்கள் பெயர்களையும் உடன் கொண்டுவந்தார்கள். விலங்குகள் பழைய நாட்டுக் காட்டிலேயே தங்கிவிட்டன. பெயர்கள் மட்டும் கப்பலேறின. 874-இல் முதலில் நிலையாகக் குடியேறியவர் என்று மரபு சொல்பவரின் பெயர் இங்கோல்வுர் ஆர்னார்சோன். இங்கோல்வுர் என்பதில் ஒரு தெய்வத்தின் பெயரும் ஓநாயும் இருக்கின்றன. ஆர்னார்சோன் என்றால் எர்ன் என்பவரின் மகன். கழுகின் மகனான ஓநாய்!

வகுப்பு ஆரவாரித்தது. ஆனால் இங்கேதான் எங்கள் கேள்விக்கு விடை இருந்தது. பெயரில் உள்ள விலங்கு, அந்த ஊர்க் காட்டில் இருக்கிற விலங்கு அல்ல. அது அந்த மக்களோடு நடந்து வந்த நினைவு. அரேபியாவின் சிங்கமும் வடமொழிச் சிங்கமும் ஆம்பூருக்கு வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்படித்தான்.

ஐஸ்லாந்துக்காரர்களிடம் நம் பிள்ளைகளுக்கு இன்னொரு நெருக்கமும் தெரிந்தது. அங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகன் என்றோ மகள் என்றோ பொருள்தரும் சொல்லைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சிலர் தாயின் பெயரைச் சேர்ப்பதும் உண்டு. 1980-இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்தீஸ் ஃபின்போகாடோட்டிர் என்பவர் ஃபின்போகி என்பவரின் மகள். நாட்டுத் தலைவராக இருந்தபோதும் மக்கள் அவரை விக்தீஸ் என்றே அழைத்தார்கள். நாமும் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொண்டு, சொந்தப் பெயராலேயே அறியப்படுகிறோம். இங்கோல்வுர் நம் பள்ளியில் சேர்ந்தால் பதிவேட்டில் எப்படி எழுதுவோம் என்று கேட்டேன். "எ. இங்கோல்வுர்" என்று சரியாகச் சொன்னார்கள்.

தோற்றத்தை நம்பாதே

இந்தப் பாடத்தில் ஒரு பெரிய ஆபத்தும் உண்டு. விலங்கைத் தேட ஆரம்பித்தால் எல்லாப் பெயரிலும் விலங்கு தெரியும். எனவே மூன்று பெயர்களைப் பொறியாக வைத்தேன்.

முதலாவது பிசிராந்தையார். கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புக்கொண்ட புலவர். "ஆந்தைன்னா ராத்திரில கத்துமே" என்றார்கள். இல்லை. பிசிர் என்பது ஊர். ஆதன் + தந்தை என்பது ஆந்தை என்று புணரும். பூதன் + தந்தை என்பது பூந்தை ஆகும். இதற்குத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் விதியே உண்டு. ஆக அவர் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனின் தந்தை. பறவைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. புணர்ச்சி இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது சிங்காரம். சிங்கம் போலத் தொடங்கினாலும் இது சிருங்காரம் என்ற சொல்லின் திரிபு. அழகு என்பது பொருள்.

மூன்றாவது திப்பு. புலியைச் சின்னமாகக் கொண்டவர் என்பதால் பெயரே புலிதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் வந்த வழி எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறது. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரை நினைத்தே குழந்தைக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். நாகாத்தம்மனை வேண்டிப் பிறந்த பிள்ளைக்கு நாகப் பெயர் வந்ததும் இதே மரபில்தான். புலி அவர் பிற்பாடு தேர்ந்தெடுத்த சின்னம். பெயரோ பெற்றோரின் நன்றி.

பொறிக்கு மாறாக, உண்மையிலேயே விலங்கோடு பெயரைப் பகிர்ந்தவர்களும் உண்டு. கடையெழு வள்ளல்களில் காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி. சிறுபாணாற்றுப்படை இதைச் சொல்கிறது. அரசனுக்கும் குதிரைக்கும் ஒரே பெயர் என்றால் யாருக்கு இழிவு என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல டீச்சர்" என்றார்கள்.

எருமைக்கு வருவோம்

அந்த மாணவியின் கேள்வி இன்னும் பாக்கி இருந்தது. கடைசிப் பாடவேளையை அதற்கென்று ஒதுக்கினேன். கரும்பலகையில் 'எருமை' என்று எழுதினேன். வகுப்பு அமைதியானது. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள்.

"இந்தச் சொல்லை நான் போன வாரம் உங்கள் நண்பன் ஒருவனைப் பார்த்துத் திட்டாகச் சொன்னேன். தவறு என்னுடையது. அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். சொல்வதற்கு முன் மிகவும் கடினமாக இருந்தது. சொன்ன பிறகு அவ்வளவு கடினமாக இல்லை.

பிறகு எருமையைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொன்னேன். மைசூர் என்ற பெயருக்குள்ளேயே மகிஷம், அதாவது எருமை இருக்கிறது. சங்க இலக்கியம் எருமையூர் என்று சொல்வதை நான் எடுத்துக்காட்டினேன். நீலகிரியின் தோதவர்கள் தங்கள் எருமைகளுக்குத் தனித்தனியாகப் பெயர் வைப்பவர்கள். அவர்களுக்குப் பால்மனையே புனித இடம்.

அதுவரை பேசாமல் இருந்த அந்த மாணவன் எழுந்தான். "எருமைத் தோல்தான் டீச்சர் கனம். செருப்புக்கு அடி வைக்க அந்தக் காலத்துல அதத்தான் எடுப்பாங்களாம். எங்க தாத்தா ஆவாரம் பட்டை போட்டுப் பதம் பண்ணவரு. எருமைத் தோல் லேசுல கிழியாதுன்னு சொல்வாரு" என்றான். மூன்று தலைமுறையாக அவன் வீட்டுக்குச் சோறு போட்ட விலங்கு அது. அதை நான் மந்தத்துக்கு உவமையாகச் சொல்லியிருந்தேன். தோல் பதனிடும் வீட்டுப் பிள்ளைகளை விலங்கின் பெயரால் திட்டும்போது அது அவர்களை மட்டும் தொடுவதில்லை; அவர்களுடைய அப்பா, தாத்தாவின் உழைப்பையும் சாதியின் பெயரால் அவர்கள் பட்ட பழைய காயங்களையும் சேர்த்துத் தொடுகிறது. இதை ஓர் எட்டாம் வகுப்பு மாணவியின் கேள்விதான் எனக்கு உணர்த்தியது.

அன்று நாங்கள் சேர்ந்து ஒரு முடிவை எழுதினோம். பெயரில் விலங்கு வந்தால் அது வாழ்த்து. திட்டில் விலங்கு வந்தால் அது வசை. விலங்கு ஒன்றேதான், வைப்பவரின் மனம்தான் வேறு.

உங்கள் வகுப்பில் செய்ய

தொடக்க நிலை வகுப்புகளில் இதை எளிமையாகச் செய்யலாம். ஒவ்வொரு குழந்தையும் தன் பெயரைப் பெரிதாக எழுதி, பெயருக்குப் பொருத்தமான ஒரு படத்தை வரையட்டும். விலங்குதான் வரைய வேண்டும் என்பதில்லை. பூ, ஒளி, நதி எதுவும் வரலாம். அட்டைகளைச் சுவரில் ஒட்டி, நாளுக்கு ஒரு பெயரின் கதையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்ல வைக்கலாம்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் பெயர்களை நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். விலங்கையோ பறவையையோ நேரடியாகக் குறிப்பவை, தெய்வத்தின் வழியாக வந்தவை, பிறமொழியிலிருந்து வந்தவை, விலங்கு போலத் தோன்றினாலும் அப்படி அல்லாதவை. நான்காவது வகையில்தான் இலக்கணமும் அகராதிப் பழக்கமும் வளரும். ஊகித்துச் சொன்ன பொருளையும் ஆதாரம் கண்ட பொருளையும் இரு வேறு நிறத்தில் எழுதச் சொன்னால், தகவலைச் சரிபார்க்கும் பழக்கமும் கூடவே வரும்.

சில எச்சரிக்கைகளும் தேவை. பெற்றோரை இழந்த குழந்தைகள், விடுதியில் வளரும் குழந்தைகள், ஒற்றைப் பெற்றோருடன் வாழும் குழந்தைகள் வகுப்பில் இருக்கலாம். எனவே பெயர்க் கதையைக் கட்டாயமாக்கக் கூடாது. பெயரிலிருந்து சாதியையோ சமயத்தையோ கண்டுபிடிக்கும் விளையாட்டாக இது மாறிவிடவும் கூடாது. அப்படிப் பேச்சு திரும்பினால் உடனே பொருளின் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். பிறமொழிப் பெயர்களை வீட்டில் எப்படி உச்சரிக்கிறார்களோ அப்படிக் கேட்டுக் கற்றுக்கொண்டு அழையுங்கள். நூல்களில் ஐதர் என்றும் ஹைதர் என்றும் காண்பது ஒரே பெயர்தான் என்பதையும் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, நாம் வகுப்பில் கோபத்தில் சொல்லும் விலங்குப் பெயர்களை ஒரு வாரம் எண்ணிப் பார்ப்போம். நான் எண்ணினேன். அந்தக் கணக்கு எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். இப்போது அது பூச்சியத்தில் நிற்கிறது.

அந்த மாணவியின் விண்ணப்பம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வேண்டும் என்று மறுபடி கேட்கவும் இல்லை. பத்தாம் வகுப்புக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் பெற்றோருடன் வந்து கேட்டால் உரிய இடத்தில் சேர்க்க உதவுவேன். அவள் பெயர் அவளுடையது. ஆனால் மாற்றுவதாக இருந்தாலும் அதை அறிந்து மாற்றட்டும், அஞ்சி மாற்ற வேண்டாம் என்பதே என் விருப்பம்.

இப்போது காலையில் பதிவேட்டில் அவள் பெயரை வாசிக்கும்போது யாரும் சீறுவதில்லை. "உள்ளேன் டீச்சர்" என்ற குரல் கடைசி பெஞ்சு வரை தெளிவாகக் கேட்கிறது.